பழைய அலுமினியப் படகைப் புதுப்பித்து டிரெய்லரில் ஏற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அலுமினியம்தானே, துருவா பிடிக்கப் போகிறது?" டர்பன் மெரிபேங்கில் என் மாமா வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் மூடிக் கிடந்த படகைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொன்னார்கள். இருபது அடி நீளம், முன்னால் இரண்டு பேர் படுக்கிற மாதிரி சின்ன கேபின், 1970களில் ரிவெட் அடித்துச் செய்தது. அதைச் சரிசெய்து, ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மாமா மகனிடம் சேர்க்க வேண்டும். அவன் அதை வால் ஆற்று அணையில் ஓட்டுவான். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு தொடங்கிய வேலை புரட்டாசி வரை இழுத்தது. வழியில் நாங்கள் செய்த தவறுகளும் உண்டு, செய்யப் போய்க் கடைசி நேரத்தில் நிறுத்திக்கொண்டவையும் உண்டு. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அவை பயன்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது என்பது உண்மைதான். காற்றுப் பட்டவுடன் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகி, அதுவே கவசமாக நிற்கிறது. சுரண்டினால் மறுபடியும் உருவாகும். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். உப்புத் தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத இடுக்கில் அந்தக் கவசம் உடைந்தால் திரும்ப உருவாக வழியில்லை. அங்கே வெள்ளைப் பொடி பூக்கும். பொடியைத் தட்டிப் பார்த்தால் அடியில் ஊசி குத்தின மாதிரி குழிகள் இருக்கும். பக்கத்தில் செம்போ எவர்சில்வரோ தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே வெளியே பளபளக்கிற பக்கத்தைத் தடவிப் பார்த்துப் படகு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. கெட்டது எல்லாம் தரைக்கு அடியில்தான் இருக்கும்.

தரையைப் பிரிக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. அந்தக் காலத்துப் படகுகளில் தரைக்கு அடியில் மிதப்புக்காக ஃபோம் ஊற்றியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது அது தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் நாற்பது ஐம்பது வருடம் நனைந்தும் காய்ந்தும் கிடந்தால் உள்ளுக்குள் ஊறிவிடும். நாங்கள் முதலில் வெட்டி எடுத்தது ஒரு தலையணை அளவுத் துண்டு. காய்ந்திருந்தால் ஒரு கையால் தூக்கிவிடலாம். அதை மாமாவும் நானும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத்தான் இறக்கினோம். கீழே வைத்ததும் சிமென்ட் தரையில் பழுப்புத் தண்ணீர் வழிந்து ஓடியது, கடல் நாற்றத்தோடு. அந்தத் துண்டு ஒட்டியிருந்த இடத்தில்தான் அடித்தகட்டில் பட்டாணி அளவு ஓட்டை இருந்தது. வெளியே பெயின்ட் மட்டும் அதை மூடிக்கொண்டிருந்தது.

ஊறிய ஃபோமால் இரண்டு கெடுதல். உப்புத் தண்ணீரை உலோகத்தோடு ஒட்டவைத்து அரிக்கிறது. அப்புறம், படகின் எடையை யாருக்கும் தெரியாமல் ஏற்றிவிடுகிறது. படகை விற்றவர் எண்ணூறு கிலோதான் வரும் என்று சொல்லியிருந்தார். டிரெய்லரும் அந்தக் கணக்கில்தான் வாங்கியது. அப்படியே ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லா ஃபோமையும் எடுத்துவிட்டால் மறுபடி வைக்காமல் விட்டுவிடக் கூடாது. எடை குறைந்ததே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் புகுந்தாலும் படகு முழுகாமல் இருப்பது ஃபோமால்தான். தென்னாப்பிரிக்காவின் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் 2007ஆம் ஆண்டுச் சிறு படகு விதிகள் அணைக்கட்டில் ஓடும் படகுக்கும் பொருந்தும். படகைச் சோதிக்கச் சர்வேயர் வந்தால் மிதப்பு இருக்கிறதா என்று கேட்பார். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் மலிவுதான், ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். தண்ணீர் உறிஞ்சாத ரகத்தைப் பார்த்து வாங்கி, அடித்தகட்டோடு ஒட்டாமல், தண்ணீர் வடிய வழிவிட்டு வையுங்கள்.

அடுத்தது மரம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நம் ஊர்க் கடைகளில் வேலிக்கும் டெக்குக்கும் விற்கிற, லேசான பச்சை நிறம் கொண்ட மருந்தேற்றிய பைன் மரத்தைப் படகுக்குள் வைக்காதீர்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. மரம் நனையும்போதெல்லாம் செம்பு கசிந்து அலுமினியத்தைத் தின்னும். மாமா ஏற்கெனவே ஆறு பலகை வாங்கிவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார். "மழைக்கும் கரையானுக்கும் அசையாத மரம்டா இது" என்றார். "மரம் அசையாது மாமா, படகுதான் ஓட்டை விழும்" என்று சொல்லி, கடைசியில் அந்தப் பலகைகளைக் கோழிக்கூண்டுக்குப் போட்டோம். தரைக்கும், எஞ்சின் தொங்குகிற பின்பலகைக்கும் மரைன் பிளைவுட் வாங்கி, எல்லா ஓரமும் மூடுகிற மாதிரி எபாக்சி பூசிப் போடுவதுதான் சரி. டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைகளுக்கும் இதே விதிதான். பலர் அங்கே கோட்டை விடுகிறார்கள்: பச்சை மரத்தின் மேல் கார்பெட் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து, அதன் மேல் படகை மாதக்கணக்கில் உட்கார வைப்பார்கள்.

பழைய பின்பலகை உள்ளே இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சின்னச் சுத்தியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் டங்கென்று கேட்கும், இற்ற இடத்தில் பொத்தென்று கேட்கும். எஞ்சினின் அடிமுனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகை வளைந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சுத்தம் செய்யும்போது நடக்கிற தவறுகள் கண்ணுக்கு உடனே தெரியாது. இரும்பு வயர் பிரஷ், கம்பி நார் இரண்டும் கூடாது. அவற்றின் துகள் அலுமினியத்தில் புதைந்து, அங்கங்கே அரிக்கத் தொடங்கும். எவர்சில்வர் பிரஷ் அல்லது உப்புத்தாள் போதும். நீச்சல்குளத்துக்கு ஊற்றும் ஆசிட், அடைப்பு எடுக்கிற காஸ்டிக் சோடா இரண்டுமே அலுமினியத்தைக் கரைக்கும். பென்சிலால் குறி வைப்பதைக்கூட விடுங்கள். பென்சிலில் இருப்பது கிராஃபைட், ஈரம் பட்டால் அந்தக் கோட்டின் வழியே அரிப்பு ஓடும். மார்க்கர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிவெட் ஒழுகுகிறதா என்று பார்க்க, படகை டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே தண்ணீர் விட்டுக் கீழே படுத்துப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் ஹோஸைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். ஆறு மீட்டர் நீளம், ஒன்றே முக்கால் மீட்டர் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய ஒரு டன் ஆகிவிடும். டிரெய்லருக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, ரிவெட் வரிசை மூழ்கும் அளவு மட்டும் விடுங்கள். ஒழுகும் ரிவெட்டில் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தலையைச் சுற்றி மெல்லிய ஈர வளையம் வரும். அது கனத்து ஒரு சொட்டாகி, தொங்கி, விழும். நாங்கள் முப்பத்தொரு வளையம் எண்ணினோம்.

அவற்றின் மேல் சிலிக்கான் தடவுவதுதான் பலரும் செய்வது. தண்ணீருக்கு அடியில் சிலிக்கான் நிற்காது. அதைவிட மோசம், ஒருமுறை தடவிய இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டவே ஒட்டாது. தளர்ந்த ரிவெட்டை மறுபடி அடித்து இறுக்கலாம். உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும், வெளியே இன்னொருவர் தலையில் அடிக்க வேண்டும். மாமா கேபினுக்குள் குனிந்து உட்கார்ந்து "ம்" என்பார், நான் அடிப்பேன். காது அடைக்காமல் இதைச் செய்யாதீர்கள், உள்ளே இருப்பவருக்குக் கோயில் மணிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். மாற்றியே ஆக வேண்டிய ரிவெட்டுக்குச் சாதாரண பாப் ரிவெட் வேண்டாம். நடுவில் துளை இருப்பதால் ஒழுகும், பலவற்றில் உள்ளே நிற்கும் துண்டு இரும்பு. முனை மூடிய அலுமினிய ரிவெட்டை பாலியூரித்தேன் சீலன்ட்டில் தோய்த்துப் போடுங்கள்.

வெல்டிங் என்றால் அலுமினியத்தில் கைபழகியவரிடம் மட்டும் கொடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலே இருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். படலத்தைத் தேய்த்து எடுக்காமல் வைத்தால், மேலே ஒட்டின மாதிரி தெரிந்தாலும் உள்ளே பிடித்திருக்காது.

பெயின்ட்டில் மூன்று சொல்கிறேன். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட்டை அலுமினியப் படகுக்கு அடிக்கவே கூடாது. இரும்புக்கு அடிக்கும் ஈயம் கலந்த செந்நிற பிரைமரும் வேண்டாம். தேய்த்து முடித்தவுடன், அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடியுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கடல்காற்று அடிக்கிற ஊரில் படலம் மறுபடி தடித்துவிடும், பெயின்ட் அதன் மேல்தான் உட்காரும்.

ஸ்பீக்கர், விளக்கு, பம்பு எதற்கும் படகின் உடம்பையே எர்த்தாகப் பயன்படுத்தாதீர்கள், காரில் செய்கிற பழக்கம் அது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர் தனியாக இழுங்கள். எவர்சில்வர் போல்ட் போடும் இடத்தில் நைலான் வாஷரும், உலோகங்களைப் பிரிக்கும் பேஸ்ட்டும் வேண்டும்.

சரி, படகு தயார். ஏற்றும் முன் எடை போடுங்கள். பழைய இரும்பு வாங்கும் இடங்களில் எடைமேடை இருக்கும், கொஞ்சம் காசு கொடுத்தால் போட்டுத் தருவார்கள். ஃபோம் மாற்றி, டேங்க்கைக் காலிசெய்த பிறகும் எங்கள் படகும் எஞ்சினும் டிரெய்லரும் சேர்ந்து 1,390 கிலோ வந்தது. டிரெய்லரின் அனுமதி எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேண்டும், இழுக்கிறவர் கையில் சாதாரண பி லைசென்ஸ் போதாது, ஈபி வேண்டும். எங்கள் வீட்டில் அது மாமாவிடம் மட்டும்தான் இருந்தது. அகலம் 2.5 மீட்டரைத் தாண்டினால் தனி அனுமதி இல்லாமல் ரோட்டில் ஏற்ற முடியாது. அளக்கும்போது பக்கவாட்டு ரப்பர் பட்டையையும் சேர்த்து அளங்கள்.

இழுக்கிற வண்டியின் கொக்கியில் இறங்கும் பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்கட்டும். பாரம் பின்னால் போய்விட்டால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், அப்போது பிரேக் அடித்தால் இழுக்கிற பக்கியையே (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) புரட்டிவிடும். குளிர்பெட்டி, ஆங்கர், பேட்டரி என்று கேபினுக்குள் அடைத்து அனுப்புகிற வழக்கமும் இந்தக் கணக்கைக் கெடுக்கும்.

டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2311 என்றால் 2011ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். எங்கள் டிரெய்லரில் இருந்தது அதுதான், பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. வீல் பேரிங்கையும் கழற்றிப் புது கிரீஸ் வையுங்கள். கடலில் இறங்கிய டிரெய்லரில் கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

படகின் மூக்கை வின்ச் கயிற்றில் மட்டும் நம்பி விடாமல் தனிச் சங்கிலி போடுங்கள். பின்பக்கம் இரண்டு மூலையிலும் ராட்செட் பெல்ட் வேண்டும். எஞ்சினைத் தூக்கி அதன் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பினால், ஒவ்வொரு குழியிலும் புதுப் பின்பலகை அடி வாங்கும். எஞ்சினுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் முட்டுக் கம்பி கொடுங்கள். கேபின் கதவு, மேல்மூடி, ஜன்னல் எல்லாவற்றையும் தாழிட்டு டேப்பும் ஒட்டுங்கள். தார்ப்பாய் வேண்டாம். காற்றில் படபடத்து இரண்டு மணி நேரத்தில் புதுப் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிடும். அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது. கழற்றியதை எஞ்சின் சாவியோடு கட்டி வையுங்கள்.

கிளம்பும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனென்ஸ் மலைக்கணவாய்ப் பக்கம் பனி கொட்டி, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலை மூடப்பட்டு, வண்டிகள் இரவெல்லாம் மாட்டிக்கொண்டன. புரட்டாசி நேரம் வெயில்தான் என்று மாமா சொன்னதை நம்பாமல் வானிலை பார்த்தே கிளம்பினோம். மாரியன்ஹில் டோல் தாண்டியதும் ஓரம் கட்டிப் பெல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தால், வீட்டில் கல் மாதிரி இறுக்கியிருந்த இடது பெல்ட் விரலில் ஆடியது. படகு கட்டையில் அமர்ந்து நிலைகொள்ளும்போது எப்போதும் இப்படி ஆகும், அதனால் முதல் முப்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தியே ஆக வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏறும்போது பக்கி சூடாகும், அவசரப்படுத்தாதீர்கள். மூயி ரிவரிலும் ஹாரிஸ்மித்திலும் இறங்கிச் சக்கரத்தின் நடுவில் கைவைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது, அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வேலை இருக்கிறது. படகுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று கடலில் போட்டிருந்த துத்தநாகக் கட்டி, அதாவது ஆனோடு, நன்னீரில் சரியாக வேலை செய்யாது. மெக்னீசியத்துக்கு மாற்ற வேண்டும். படகு திரும்பக் கடலுக்கு வந்தால் மெக்னீசியத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் கொப்பளிக்கும். எதைப் போட்டாலும் அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அப்புறம், வால் அணை இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். காற்று மெல்லிசாக இருப்பதால் டர்பனில் ஓடிய எஞ்சின் அங்கே ஏழில் ஒரு பங்கு வலுவை இழக்கும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடாமல், பிட்ச் குறைந்த, அதாவது ஒரு சுற்றுக்குக் குறைவான தூரம் தள்ளுகிற, புரொப்பெல்லர் ஒன்று வாங்குங்கள்.

மாமா மகன் படகைத் தண்ணீரில் இறக்கப் பக்கியைப் பின்னுக்கு எடுத்தபோது மாமா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். சாவியை வாங்கி, அதில் கட்டியிருந்த அடைப்பானை அவிழ்த்து, குனிந்து தன் கையாலேயே திருகி மூடினார். அதன் பிறகுதான், "ம், இறக்கு" என்றார்.