சஸ்காச்சுவான் கிராமப்புறத்துக்குக் குடிபோகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

டொரோண்டோ வாடகை கட்டுப்படியாகவில்லை, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, வீடும் மலிவாக இருக்கிறது, போகலாமா என்று கேட்பவர்கள் நிறைய பேர். தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே வாழ்க்கை இரண்டு விஷயங்களைச் சுற்றித்தான் ஓடுகிறது, ஒன்று கட்டம் கட்டமாக அளந்து வைத்த நிலம், இன்னொன்று அதில் விளையும் தானியம். இவை பிடிபட்டால் சாலை, வரி, வேலை எல்லாமே விளங்கிவிடும்.

வீடு பார்க்கும்போதே அது யார் எல்லைக்குள் இருக்கிறது என்று கேளுங்கள். வயல்வெளி முழுவதும் ஆர்.எம். என்று எல்லோரும் சொல்லும் ரூரல் முனிசிபாலிட்டிகளின், அதாவது கிராமப்புற உள்ளாட்சிகளின், கையில் இருக்கிறது. மாகாணத்தில் கிட்டத்தட்ட 300 ஆர்.எம்.கள், ஒவ்வொன்றுக்கும் பெயரோடு ஓர் எண்ணும் உண்டு. தலைவருக்கு ரீவ் என்று பெயர், டிவிஷன் என்னும் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர். நடுவில் இருக்கும் டவுனும் வில்லேஜும் தனி நிர்வாகம், அவற்றுக்கு மேயர் வேறு, வரி வேறு. ஆர்.எம். அலுவலகமே பல இடங்களில் டவுனுக்குள் இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்பிப்போகிறார்கள். டவுனுக்குள் வீடு என்றால் குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி பெரும்பாலும் இருக்கும். வெளியே என்றால் கிணறு, அல்லது டகவுட் என்னும் வெட்டிய குட்டை, அதுவும் இல்லாவிட்டால் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் நிரப்ப வேண்டியதுதான். வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், செப்டிக் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

அடுத்து நில முகவரி. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் வெளியே வீட்டுத் தெருப்பெயர் பல நேரம் உதவாது. ஒரு மைல் சதுரம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால் பங்கு ஒரு குவார்ட்டர், 160 ஏக்கர். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறிகளுக்கு 10 டாலர் பதிவுக் கட்டணத்தில் கொடுத்த அளவு இதுதான், இன்றும் விவசாயிகள் நிலத்தைக் குவார்ட்டரில்தான் எண்ணுகிறார்கள். 36 செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். ஆக ‘வடகிழக்கு 22-36-5, மூன்றாம் மெரிடியனுக்கு மேற்கு’ என்று யாராவது சொன்னால், 22-ஆவது செக்‌ஷனின் வடகிழக்குக் குவார்ட்டர், அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே 36-ஆவது டவுன்ஷிப், அந்த மெரிடியன் என்னும் வடக்கு-தெற்குக் கோட்டிலிருந்து மேற்கே ஐந்தாவது ரேஞ்ச், அதாவது ஐந்தாவது டவுன்ஷிப் வரிசை என்று பொருள், சஸ்காட்டூன் நகரத்துப் பக்கம். உங்கள் வீட்டு நில முகவரியை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். ஆம்புலன்சுக்கு 911 கூப்பிடும் நேரத்தில் யாருக்கும் மனப்பாடமாக வராது. ஆர்.எம். அலுவலகத்தில் அந்தப் பகுதியின் வரைபடம் விற்பார்கள், எந்தக் குவார்ட்டர் யாருடையது என்று அதில் இருக்கும், முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

நிலம் வாங்கும் ஆசை இருந்தால் ஒன்று. கனடாவில் வசிக்காத வெளிநாட்டவர் 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வைத்திருக்க மாகாணச் சட்டம் விடாது, அதனால் ஊரில் இருக்கும் அண்ணன் பேரில் வாங்கிப் போடுகிற யோசனை வேண்டாம்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? கோதுமை, கனோலா என்னும் எண்ணெய் வித்து, பார்லி, பட்டாணி, அப்புறம் நம் சமையலறையில் இருக்கும் மைசூர் பருப்பு. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் உருவாக்கிய லெயர்ட் என்ற பருப்பு ரகம் 1978-இல் வெளிவந்தது, இன்று கனடா உலகின் முன்னணிப் பருப்பு ஏற்றுமதி நாடு, அதில் பெரும்பகுதி விளைவது இந்த மாகாணத்தில்தான். 2017 கடைசியில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதமும் பருப்புக்கு 30 சதவீதமும் இறக்குமதி வரி போட்டது. அப்படி ஒரு செய்தி வந்தால் டிராக்டர் விற்பவர் வரை எல்லோருக்கும் கை இறுகும். உங்கள் வேலை முதியோர் இல்லத்திலோ கடையிலோ இருந்தாலும் தானிய விலையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பண்ணைகள் குறைந்து பெரிதாகிவருகின்றன, 2021 கணக்கெடுப்பில் சராசரிப் பண்ணை 1,700 ஏக்கருக்கு மேல். அதனால் நிரந்தரப் பண்ணை வேலை குறைவுதான், ஆனால் விதைப்பிலும் அறுவடையிலும் தானிய லாரி ஓட்டவும் கம்பைன் என்னும் அறுவடை இயந்திரம் ஓட்டவும் ஆள் தேடுவார்கள். லாரி உரிமம் எடுத்து வைத்தவருக்கு மரியாதையே தனி.

மே மாதம் விதைப்பு, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை அறுவடை. அந்த நாட்களில் யாரையும் விருந்துக்குக் கூப்பிடாதீர்கள், அவசரமில்லாத எந்தப் பேச்சையும் எடுக்காதீர்கள், மழைக்கு முன் களத்தை முடிக்க இரவெல்லாம் ஓடிக்கொண்டிருப்பார்கள். சாலையில் அகலமான இயந்திரம் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். வசந்தத்தில் பனி உருகும்போது சரளைச் சாலை களிமண்ணாகிவிடும், கனரக வண்டிகளுக்கு எடைக் கட்டுப்பாடும் வரும், வீட்டுச் சாமான் லாரியை அந்தச் சமயத்தில் வரவழைக்க வேண்டாம்.

குளிர் மைனஸ் 30-க்குக் கீழே போகும். காருக்கு எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, இரவில் பிளக்கில் மாட்டுங்கள். போர்வை, மண்வெட்டி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி எப்போதும் காரில் இருக்கட்டும். பனிப்புயலில் வண்டி சிக்கினால் இறங்கி நடக்கவே கூடாது, உள்ளேயே இருங்கள், புகைபோக்கியைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

பழகுவதற்கு நல்ல இடங்கள் பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் விளையாட்டின் ரிங்க், கோ-ஆப் என்னும் கூட்டுறவுக் கடை, இலையுதிர் காலத்தில் ஊர்க்கூடத்தில் போடும் வான்கோழி விருந்து. தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் ஆள் எப்போதும் போதாது, உடம்பு ஒத்துழைத்தால் பெயர் கொடுங்கள். ஆர்.எம். கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் உட்காரலாம். உங்கள் சாலைக்குச் சரளை போடவில்லை என்றால் ஃபேஸ்புக்கில் எழுதுவதைவிட உங்கள் டிவிஷன் கவுன்சிலருக்கு நேரே போன் போடுங்கள், அநேகமாக அவரும் அதே சாலையில்தான் தானியம் ஏற்றிக்கொண்டு போகிறவர்.