பொங்கலுக்குத் தருகிறேன் என்றால் நம்பிக் காத்திருக்காதீர்கள்: பிள்ளையின் ஜீவனாம்சப் பாக்கியில் நேரும் தவறுகள்

பாபநாசம் பக்கத்துப் பெண் ஒருவர் தன் பாஸ்புத்தகத்தை என் முன் விரித்து வைத்தார். மகனுக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. கடைசி வரவு இரண்டு சித்திரைக்கு முன்னால். அதற்குக் கீழே நூறு நாள் வேலைக் கூலி மட்டும்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் தகப்பன், "பொங்கலுக்கு வரும்போது மொத்தமாகத் தந்துவிடுகிறேன்" என்றே சொல்லி வந்திருக்கிறார். பொங்கலுக்கு வந்தும் இருக்கிறார். பணம்தான் வரவில்லை.

இந்தக் காத்திருப்புதான் பெரிய தவறு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் (2024 ஜூலைக்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125) பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்க வேண்டுமானால், அந்தந்த மாதத் தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். பொங்கலுக்குப் பொங்கல் காத்திருந்தால் அந்த ஓராண்டு ஓடிவிடும். இவருக்குப் பாதி மாதங்கள் அப்படித்தான் நழுவின. தாமதமானதால் அந்தப் பணத்தின் மீதான உரிமையே அழிந்துவிடாது, சிவில் வழியில் கேட்கலாம் என்று பூங்கொடி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது நீண்ட வழி. மூன்று மாதம் நின்றாலே மனு போட்டுவிடுங்கள்.

"ஆள் கர்நாடகத்தில் இருக்கும்போது இங்கே வழக்குப் போட்டு என்ன பயன்?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஜீவனாம்ச வழக்குத் தொடரலாம். கிடைத்த உத்தரவை, அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மாஜிஸ்திரேட்டும் நிறைவேற்றலாம். உத்தரவின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். கேட்டு வாங்குங்கள்.

வீட்டு முகவரியை மட்டும் கொடுப்பது இன்னொரு தவறு. அறையை மாற்றிவிட்டால் நோட்டீஸ் திரும்பி வந்துவிடும். வேலை செய்யும் இடத்தின் முகவரி, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் இவற்றில் எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். ஜீவனாம்ச உத்தரவைச் சிவில் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வழியில் ஜப்தி செய்யும்போது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் விலக்கு, மீதியைப் பிடிக்கலாம்.

பாக்கியைக் கட்டாததற்காகச் சிறைக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்று ஊரில் யாராவது சொல்வார்கள். தீராது. 1989லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது.

மாமனார் கையில் பணமாகக் கொடுத்தனுப்பினால் கணக்கே இருக்காது. பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். "பாக்கி இல்லை" என்று பஞ்சாயத்தில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அது பிள்ளையின் பணம். பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பார்க்கவிடாமல் தடுக்கவும் வேண்டாம். அது தனி வழக்காகி உங்களையே அலைக்கழிக்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100க்குப் பேசலாம்.

மனுவோடு எந்த மாதம் எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளும் வையுங்கள். பாபநாசத்துப் பெண்ணுக்கு அதை எழுதிக் கொடுத்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் அந்த மகன்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பன்னிரண்டு வரி எழுதியிருந்தான்.