குவாதலூப் தீவில் சிறு விடுதிகளிலும் தனி வீடுகளிலும் தங்குவது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்படுவோருக்குச் சில குறிப்புகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வீடுகளை விட்டுத் தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த எங்கள் தலைமுறையினர், ஓய்வு பெற்ற பிறகு வெளிநாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கோயில்களையே நினைப்பார்கள். அண்மைக் காலமாகக் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பைப் பற்றியும் சிலர் என்னிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் என் மனைவியும் மைத்துனரும் அங்கே பன்னிரண்டு இரவுகள் இரண்டு வீடுகளில் தங்கித் திரும்பியதே அதற்குக் காரணம். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1854 முதல் 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குவாதலூப்பில் இறங்கினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். நம் பாட்டன்மார் ரப்பர் பால்மரக் காட்டுக்கு வந்ததைப் போலவே அவர்கள் கரும்புக் காட்டுக்குப் போனார்கள். ஆகவே அந்தத் தீவில் எங்கே, யாருடைய வீட்டில் தங்குகிறோம் என்பதை, கட்டில் மெத்தையின் வசதியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே சிறு தங்குமிடங்கள் முக்கியமாக இரண்டு வகைப்படும். சமையலறையுடன் தனியாக வாடகைக்கு விடப்படும் சிறு வீட்டை ‘ஜீத்’ என்கிறார்கள். பெரும்பாலும் அது உரிமையாளரின் வளவுக்குள்ளேயே, அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். உரிமையாளர் தம் சொந்த வீட்டில் ஓர் அறையைக் காலை உணவோடு விருந்தினருக்குக் கொடுப்பது ‘ஷாம்ப்ர் தோத்’ எனப்படும்; பிரெஞ்சுச் சட்டப்படி இவ்வகை வீட்டில் ஐந்து அறைகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சில வீடுகளின் வாசலில் தானியக்கதிர்ச் சின்னம் இருக்கும். ஒன்று முதல் ஐந்து கதிர்கள் வரை கொடுக்கப்படும் அந்தத் தரக்குறி, வீட்டை யாரோ நேரில் வந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். மூவரோ நால்வரோ சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் ஜீத்தே நமக்கு ஏற்றது, ஏனெனில் சோறு வடித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு மூன்று நாட்களுக்கு மேல் ரொட்டியும் வெண்ணெயும் ஒத்து வராது.

எந்தப் பக்கத்தில் தங்குவது

தீவின் வடிவத்தைப் புரிந்துகொள்ளாமல் வீடு தேடுவது வீண் வேலை. வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளைப் போல இரண்டு நிலப்பகுதிகள் ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாயால் பிரிக்கப்பட்டுள்ளன. கிழக்கே உள்ள கிராந்த்-தேர் தட்டையான சுண்ணாம்புப் பாறை நிலம். வெண்மணல் கடற்கரைகளும் பெரிய ஹோட்டல்களும் சேந்த்-ஆன், ல கோசியே, சேன்-ஃபிரான்சுவா ஆகிய ஊர்களில் உள்ளன. மேற்கே உள்ள பாஸ்-தேர் மலையும் மழைக்காடும் நிறைந்தது. 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை அங்கேதான் நிற்கிறது. கடலில் குளிப்பதற்காகவே போகிறவர்கள் கிராந்த்-தேரைத் தேர்ந்தெடுக்கலாம். நம்மவர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாஸ்-தேரின் கிழக்குச் சரிவில் உள்ள கபெஸ்தேர்-பெல்-ஓ என்னும் ஊரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ சில இரவுகளாவது தங்க வேண்டும். சாங்கி மாரியம்மன் கோயில் அங்கே பெரிய சாலையோரத்திலேயே இருக்கிறது; வாழைத் தோட்டங்கள் சுற்றிலும் பரந்திருக்கின்றன. இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904இல் வழக்குத் தொடுத்து, 1923இல் அது கிடைக்கும் வரை விடாமல் போராடிய ஆன்றி சிதம்பரம் 1863இல் பிறந்த ஊரும் இதுவே.

ஆனால் கபெஸ்தேர் பக்கம் மழை மிகுந்தது. கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று மலையில் மோதி மழையைக் கொட்டிவிடும். மழைக்குப் பேர்போன தைப்பிங் நகரைப் பார்த்திருக்கும் பேராக் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துவைத்த துணி இரண்டு நாட்களானாலும் காயாது. ஆதலால் கூரையுள்ள தாழ்வாரம் இருக்கும் வீட்டையே எடுக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில், ஏழு இரவுகள் மலைப்பக்கத்திலும் ஐந்து இரவுகள் தெஏ அல்லது புயாந்த் போன்ற மேற்குக் கரை ஊரிலும் என்று பிரித்துக்கொள்வது சரியாக இருந்தது. மேற்குக் கரையைப் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி பெருந்திரளாக வந்து கிழக்கு, தெற்குக் கரைகளில் ஒதுங்குகிறது. அது அழுகும்போது கெட்ட முட்டை நாற்றமுள்ள வாயு எழும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் கடலோர வீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்த மாதத்தில் அந்தக் கரையில் பாசி ஒதுங்கியிருக்கிறதா என்று உரிமையாளரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, வாடகை அதிகம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். பள்ளி விடுமுறையை ஒட்டிச் செல்ல நேர்ந்தாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

பணம் கட்டுவதற்கு முன் எழுத வேண்டிய கடிதம்

சிறு வீட்டில் தங்குவதன் வெற்றியும் தோல்வியும், முன்பணம் அனுப்புவதற்கு முன் நீங்கள் எழுதும் ஒரு கடிதத்தில் இருக்கின்றன. இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். நாங்கள் முதலில் எடுத்த வீடு படத்தில் மிக அழகாக இருந்தது. சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தபோது குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குவாதலூப்பின் குடிநீர்க் குழாய்கள் பழுதடைந்து கிடப்பதால், பல ஊர்களில் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள் என்பதும், அதைச் சமாளிக்க நல்ல வீடுகளில் தனித் தொட்டி கட்டியிருப்பார்கள் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. அந்த வீட்டில் தொட்டி இல்லை, நாங்களும் கேட்கவில்லை. இருபத்திரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்த என் மனைவி முகம் கழுவக்கூட முடியாமல் படுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே தண்ணீர்த் தொட்டி உண்டா, அதன் கொள்ளளவு எவ்வளவு என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். அடுத்து, குளிரூட்டி எந்த அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். பல வீடுகளில் படுக்கையறையில் மட்டுமே இருக்கும். சன்னல்களுக்கும் கட்டிலுக்கும் கொசுவலை உண்டா என்பதும் தேவையான கேள்வியே, ஏனெனில் நம் நாட்டைப் போலவே அங்கும் டிங்கிக் காய்ச்சல் உண்டு. வீட்டுக்கு வரும் பாதை தார்ச்சாலையா, செங்குத்தான மண் பாதையா என்பதை முழங்கால் வலி உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் அடக்கமா, துப்புரவுக் கட்டணம் தனியா, ஆளுக்கு ஓர் இரவுக்கு வசூலிக்கும் தங்கல் வரி எவ்வளவு என்பவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தை மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு பிரெஞ்சு மொழியில் அனுப்பினால் பதில் விரைவாக வரும். ஆங்கிலம் அங்கே பரவலாகப் பேசப்படுவதில்லை.

முன்பணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ‘ஆர்’ என்று குறிப்பிட்டிருந்தால், நீங்கள் பயணத்தைக் கைவிடும்போது அந்தத் தொகையை இழப்பீர்கள், அதோடு கணக்கு முடிந்துவிடும். உரிமையாளர் கைவிட்டால் அவர் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். ‘அக்கோந்த்’ என்று குறிப்பிட்டிருந்தால் இரு தரப்பும் முழுமையாகக் கட்டுப்பட்டவர்கள். நீங்கள் போகாவிட்டாலும் மீதி வாடகையைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஒரு சொல்லில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் வேறுபடும் என்பதால், எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். இவை தவிர, சாவி வாங்கும்போது ‘கோசியோன்’ என்னும் பிணைத்தொகையையும் கேட்பார்கள். அது சேதம் எதுவும் இல்லாவிட்டால் திரும்பக் கிடைக்கும்.

போய்ச் சேர்வது

தீவு பிரான்சின் மாவட்டமாக இருந்தாலும் ஷெங்கன் வட்டத்துக்குள் வராது. ஆதலால் நுழைவு விதிகளைப் பாரிஸுக்கும் குவாதலூப்புக்கும் தனித்தனியாகப் பிரெஞ்சுத் தூதரகத்தில் விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும். தங்குமிட உறுதிக் கடிதத்தை அச்சிட்டுக் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் இறங்கும் விமான நிலையமும் தீவுக்குப் புறப்படும் விமான நிலையமும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதால், இடையில் ஓர் இரவு பாரிஸில் தங்கிச் செல்வது வயதானவர்களுக்கு நல்லது. நம் நேரத்துக்கும் தீவின் நேரத்துக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. கைக்கடிகாரத்தின் முள்ளை நகர்த்தவே வேண்டியதில்லை.

வாடகைக் கார் இல்லாமல் ஜீத்தில் தங்குவது கடினம், ஏனெனில் மாலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பேருந்துகள் மிகக் குறைவு. நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். தானியங்கிக் கியர் வண்டிகள் குறைவாகவே இருப்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். முடிந்தால் பகல் வெளிச்சத்தில் வீடு சேருமாறு திட்டமிடுங்கள். மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும், மலைப்பாதைகளில் வீட்டு எண்கள் தெரியாது. வாடகை பெரும்பாலும் சனிக்கிழமையில் தொடங்குவதாலும், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடைகள் மூடிவிடுவதாலும், அரிசி, முட்டை, குடிநீர் ஆகியவற்றை வரும் வழியிலேயே வாங்கிவிட வேண்டும்.

வீட்டுக்குள்

சாவி கொடுக்கும்போது உரிமையாளர் உங்களோடு அறை அறையாக நடந்து, இருக்கும் பொருள்களின் பட்டியலைக் காட்டிக் கையொப்பம் கேட்பார். களைப்பில் அவசரமாகக் கையொப்பமிடாதீர்கள். உடைந்த கைப்பிடி, விரிசல் விட்ட தட்டு, கறை படிந்த மெத்தை எதுவானாலும் அப்போதே குறிக்கச் செய்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நீங்கள் வாய் திறந்து சொல்லும் முதல் சொல் ‘போன்ஜூர்’ என்பதாகவே இருக்கட்டும். வீட்டிலோ கடையிலோ வணக்கம் சொல்லாமல் எதையேனும் கேட்பதை அத்தீவு மக்கள் மரியாதைக் குறைவாகவே கருதுகிறார்கள்.

மின்னழுத்தம் நம் நாட்டைப் போன்றதே. ஆகவே சோற்றுப் பானையைக் கொண்டுபோகலாம். செருகி மட்டும் இரண்டு உருண்டைக் கால்கள் கொண்டது என்பதால் மாற்றுச் செருகி வேண்டும். பொட்டலத்தில் அடைத்த மசாலைத் தூள் எடுத்துச் செல்லுங்கள், பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துச் செல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி அது சுங்கத்தில் பறிபோகும். தீவுச் சந்தைகளிலேயே மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் கலந்த ‘கொலம்போ’ என்னும் பொடி கிடைக்கிறது. குழம்பு என்ற சொல்லே கொலம்போ ஆனது என்று சொல்வோர் உண்டு. அந்தப் பொடியில் ஆட்டிறைச்சி சமைத்தபோது எங்கள் சமையலறை ஒரு தீபாவளிக் காலை போல மணத்தது.

உணவில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வாழைத் தோட்டங்களில் 1970களிலிருந்து 1993 வரை குளோர்தெகோன் என்னும் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினார்கள். அது இன்னும் பாஸ்-தேரின் தென்பகுதி மண்ணிலும் ஆற்று நீரிலும் தங்கியிருக்கிறது. தோட்டத்து மருந்தைத் தோளில் சுமந்து அடித்த தாய்மாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்கும். எனவே அப்பகுதியில் சாலையோரத்தில் விற்கும் சேம்பு, வள்ளி போன்ற கிழங்குகளை எங்கே விளைந்தவை என்று தெரியாமல் வாங்க வேண்டாம். ஆற்று மீனையும் தவிர்த்துவிடுங்கள். மரத்தில் காய்க்கும் பழங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடற்கரையில் தண்டில் சிவப்புப் பட்டை தீட்டிய மரத்தைக் கண்டால் அதன் நிழலில் உட்காரவோ மழைக்கு ஒதுங்கவோ கூடாது. அது மான்சினீல் என்னும் நச்சு மரம். இலையிலிருந்து வடியும் நீர்கூடத் தோலைப் புண்ணாக்கும்.

கோயிலுக்குப் போக விரும்பினால் உரிமையாளரிடமே கேளுங்கள். கபெஸ்தேர் பக்கத்தில் ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் போன்ற பெயர்களைக் குடும்பப் பெயராகத் தாங்கியவர்கள் வீடு வாடகைக்கு விடுவதுண்டு. தமிழ் பேசத் தெரியாது. ஆனால் மாரியம்மனை ‘மாலியெமேன்’ என்றும் மதுரைவீரனை ‘மால்தெவிலேன்’ என்றும் அவர்கள் சொல்லும்போது நம் தோட்டத்துக் கோயில் திருவிழா கண்முன் வரும். ஆடு, சேவல் பலியிடும் வழிபாடு அங்கே இன்றும் உண்டு. அதைக் காண விருப்பமில்லாதவர்கள் நாளை முன்னரே விசாரித்துக்கொள்ளலாம். அனுமதி கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளரான அம்மையார் தம் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டு, அதைச் சட்டமிட்டு மாட்டப் போவதாகச் சொன்னார். அதற்குக் கிடைத்த தாள் கடைச் சீட்டின் பின்பக்கம்தான் என்பதில் எனக்கு மிகவும் குறையாகப் போயிற்று. நீங்கள் நல்ல தடித்த தாள்களும் மைப்பேனாவும் கொண்டுபோங்கள்.

புறப்படும் நாளில் காலை பத்து மணிக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், பாரிஸ் விமானங்களோ பெரும்பாலும் மாலையில் அல்லது இரவில் புறப்படும். இடைப்பட்ட நேரத்தில் பைகளை வைத்துக்கொள்ளவும் பிற்பகலில் ஒருமுறை குளிக்கவும் இடம் தர முடியுமா என்று முந்தின நாளே கேளுங்கள். தனியாக வசிக்கும் உரிமையாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பாத்திரங்களைக் கழுவி, குப்பையை வெளியே வைத்து, பொருள் பட்டியலை அவரோடு மறுபடியும் சரிபார்த்து, பிணைத்தொகையைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.