பீவரேஜ் ஆன்டெனாவுக்கு 9:1 டிரான்ஸ்ஃபார்மர்

டெல்டாவில் பீவரேஜ் ஆன்டெனா (தரைக்குச் சற்று மேலே நீளமாக ஓடும் ரேடியோ வாங்கும் கம்பி) இழுக்க, சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகுதான் நல்ல நேரம். ஈர மண்ணின் மேல் அது அவ்வளவாக எடுபடாது.

450 ஓம் ஆன்டெனாவை 50 ஓம் கேபிளோடு இணைக்க 9:1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதற்கு, 73 ரக இரட்டைத்துளை ஃபெரைட் கோரில் (கம்பி சுற்றும் காந்தப் பொருள் துண்டு) கேபிள் பக்கம் 2 சுற்று, ஆன்டெனா பக்கம் 6 சுற்று போதும். ஒரு துளையில் போய் மறுதுளையில் திரும்பினால்தான் ஒரு சுற்று. பலர் தடுமாறுவது இங்கேதான். இரண்டு சுருளையும் எங்கும் இணைக்காதீர்கள். பம்புசெட் இரைச்சல் கேபிள் உறை வழியாக ஏறுவது குறையும்.

அப்புறம் சோதனை. 6 சுற்றுப் பக்கம் 470 ஓம் ரெசிஸ்டர் (கம்பி சுற்றிய வகை வேண்டாம்), மறுபக்கம் நானோவிஎன்ஏ (ஆன்டெனா அளக்கும் சிறு கருவி). 1.8 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தத்தைக் காட்டும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5-க்குள் நின்றால் சரி. கீழ்முனையில் மட்டும் எகிறினால் முதலில் ஃபெரைட் கோர் மீது சந்தேகப்படுங்கள்.