வன்னியில அம்புலன்ஸ் வேலைக்கு வாறாக்களுக்கு

1990 சுவசெரியவில (1990 எண்ட நம்பருக்கு எடுத்தா வாற இலவச அம்புலன்ஸ் சேவை) வேலை கிடைச்சு வன்னிக்கு வாறீங்களெண்டா முதல்ல பாதையளப் பழகுங்கோ, ஏ9 பெருந்தெருவை விட்டு உள்ள இறங்கினா வீட்டு நம்பரால பிரியோசனமில்ல, எந்தக் குளம், எந்தச் சந்தி, வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் எண்டு கேட்டு, ஒராளை டோர்ச்சோட றோட்டில நிக்கச் சொல்லுங்கோ.

ஒக்சிசன் சிலிண்டரை ஷிப்ட் தொடங்கேக்கையே பாருங்கோ, ஏனெண்டா ஓடுற தூரம் கூட.

பாம்புக்கடி எண்டா போன்லயே சொல்லிடுங்கோ, இறுக்கிக் கட்டவோ பிளேட்டால கீறவோ வேண்டாம், நடக்க விடாதேங்கோ, கொலுசு மோதிரத்தைக் கழட்டுங்கோ எண்டு. போனதும் கடிச்ச காலை மட்டை வைச்சு அசையாமப் பண்ணி, கடிச்ச நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கோ, புடையன் (கண்ணாடி விரியன்) கடியில மூச்சையும் இரத்தக்கசிவையும் வழி முழுக்கப் பாக்கோணும். பாம்பைத் தேடி மினக்கெடாதேங்கோ. விஷமுறிவு மருந்து எங்க இருக்கெண்டு ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்துக் கேட்டிட்டே வெளிக்கிடுங்கோ.