கம்ப்யூட்டர் திரைக் குறும்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெஸ்க்டாப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதையே வால்பேப்பராக வைத்துவிட்டு ஐகான்களை மறைப்பது பழைய குறும்பு. எதைத் தட்டினாலும் திறக்காது. மவுஸின் அடியில் துண்டுக் காகிதம் ஒட்டி, திரையில் அம்புக்குறி நகராமல் செய்வது இன்னும் எளிது. இரண்டிலும் யாருடைய ஃபைலும் தொடப்படுவதில்லை, ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். எனக்கு இவை பிடிக்கும்.

குறும்பைச் செய்துவிட்டு இடத்தைவிட்டுப் போவதுதான் பெரிய தவறு. நாங்களே செய்தோம். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதி, கணக்குப் பிரிவு அக்காவின் திரையில் போலி விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு டீ குடிக்கப் போனோம். அது வெறும் பிரவுசர் பக்கம். எஃப்11 அழுத்தினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். அவருக்கு அது எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். பின்னால் எக்செல் திறந்திருந்தது. அது தானாக மீட்புப் பிரதி எடுப்பது வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான். எந்தப் பதிவுவரை சேவ் ஆகியிருக்கிறது என்று தெரியாமல் பில்களை முதலிலிருந்து புரட்டினார், கண் கலங்கியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தொகையாக வாசித்துக் கொடுத்தேன்.

அப்புறம், வைரஸ் வந்துவிட்டது, பணம் கட்டு என்று மிரட்டும் போலித் திரைகள். இவற்றை யாரிடமும் காட்டாதீர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கண்டிப்பாக வேண்டாம். நிஜ மோசடிக்காரர்களும் இதே மாதிரித் திரையைக் காட்டி, கீழே ஒரு போன் நம்பரைப் போடுகிறார்கள். இன்று உங்கள் குறும்பில் பதறிய அப்பா, நாளை நிஜமாகவே ஒன்று வந்தால் 'பிள்ளை விளையாடுகிறான்' என்று நினைத்துக்கொள்ளலாம்.

நண்பர் பூட்டாமல் விட்டுப்போன கம்ப்யூட்டரிலிருந்து, 'இன்று எல்லோருக்கும் என் செலவில் பிரியாணி' என்று அவர் பெயரில் குழுவுக்கு அனுப்புவது பல அலுவலகங்களில் நடக்கிறது. சிரிப்பு வரும், சரி. ஆனால் அது திரைக் குறும்பே இல்லை, இன்னொருவர் பெயரில் பேசுவது. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு உரிமையாளர் நிறுவனம், உங்கள் நண்பர் அல்ல. உரிமையாளர் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் இழப்பீடு கொடுக்க நேரலாம் என்கிறது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவு. பூட்டாத திரையைப் பார்த்தால் விண்டோஸ் பட்டனோடு எல் அழுத்திப் பூட்டிவிட்டு, ஆள் வந்ததும் சொல்லுங்கள்.