வெயில் அடிக்கும்போது வரும் வெள்ளம்: அருவிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடுமலைப்பேட்டையிலிருந்து திருமூர்த்தி மலைக்குப் போகும் வழியில் நல்ல வெயில் அடித்தால், அன்று அருவிக் குளியலுக்குத் தடையேதும் இராது என்று பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். கொங்கு நாட்டு அருவிகளுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் முதலாவதும் மோசமானதும் இதுதான். அம்மலையிலுள்ள பஞ்சலிங்க அருவியில் விழுவது நம் தலைக்கு நேர்மேலே பெய்த மழையன்று. குருமலை, குழிப்பட்டி போன்ற குடியிருப்புகள் இருக்கிற, கீழே நிற்பவர் கண்ணுக்குத் தட்டுப்படாத மலைப்பகுதியில் பெய்த மழை. அங்கே சரிவு செங்குத்து, மண்ணின் ஆழம் குறைவு, பல இடங்களில் வெறும் பாறை. எனவே ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால், ஊறுவதற்கு இடமில்லாத நீரெல்லாம் ஓடைகளில் சேர்ந்து, வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அடிவாரத்துக்குக் காட்டாற்று வெள்ளமாக வந்துவிடும். அருவிக்குக் கீழே இருக்கும் அமணலிங்கேசுவரர் கோயிலையே அவ்வெள்ளம் சூழ்ந்துகொள்வதுண்டு.

வெள்ளம் சொல்லாமல் வருகிறது என்பார்கள். பெரும்பாலும் அது சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஓர் ஐப்பசி நாளில் நான் அதை அருகிலிருந்து பார்த்தேன். தெளிந்து விழுந்துகொண்டிருந்த நீரின் ஓரத்தில் முதலில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. பிறகு சருகுகளும் ஒடிந்த சுள்ளிகளும் வந்தன. அருவியின் ஓசை சற்றுத் தடித்தது. குளித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் எழுந்து, "மேல மழைங்க, கொளந்தைகளக் கூட்டிட்டு மேடேறுங்க" என்று குரல் கொடுத்தார். துணியை மாற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, நான் சற்றுமுன் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் போயிருந்தது. நீர் கலங்குவது, சருகு வருவது, ஓசை மாறுவது ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும், காவலர் விசில் ஊதட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த நேரத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. பையும் கைப்பேசியும் எதிர்க்கரையில் இருந்தால், அவற்றை எடுக்க ஓடையைக் குறுக்கே கடக்கிறார்கள். முழங்கால் அளவே இருந்தாலும், வேகமாக ஓடும் நீர் நன்கு வளர்ந்த ஆளையும் சாய்த்துவிடும். எந்தக் கரை அருகில் இருக்கிறதோ அதில் ஏறி, ஓடையை விட்டு விலகி மேட்டுக்குப் போவதே சரி. ஓடையை ஒட்டியே கீழ்நோக்கி ஓடினால் வெள்ளமும் கூடவேதான் வரும்.

தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் எச்சரிக்கையாக இருப்பவர்கள்கூடச் சித்திரையில் கவனம் தவறுகிறார்கள். கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியுடன் இறங்கும் என்பதால், அந்த மாதங்களில் காலையிலேயே போய்க் குளித்துவிட்டுத் திரும்புவது நல்லது. நீர் பெருகி விழும்போது அதன் நேர்கீழே தலையைக் கொடுப்பதும் வேண்டாத வீரம். மேலிருந்து தண்ணீரோடு கல்லும் கட்டையும் சேர்ந்து விழக்கூடும்.

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள கொடிவேரியையும் பலர் அருவிக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அது பவானியாற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட தடுப்பணை. அங்கே நீரின் அளவை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. மேலேயுள்ள பவானிசாகரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதும் முடிவு செய்கிறது. போன முறை இடுப்பளவு இருந்த இடம் இந்த முறையும் இடுப்பளவே இருக்கும் என்ற நம்பிக்கையில் இறங்குவது, அணைக்குக் கீழே பள்ளமும் சுழலும் உள்ள ஆற்றில் மிகவும் ஆபத்தானது.

பாறையில் வழுக்கி விழுவதற்குக் காரணம், பாசி என்றால் பச்சையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். எப்போதும் ஈரமாக இருக்கும் பாறையில் அது பெரும்பாலும் கறுத்துப் பாறையின் நிறத்திலேயே படிந்திருக்கும். விரலால் தேய்த்தால்தான் வழவழப்புத் தெரியும். வெளுத்துக் காய்ந்த பாறையில் மட்டும் காலூன்றுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைக் கழற்றிவிடுவதே மேல். எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் நிற்குமிடத்தில் குழந்தைகளை நிறுத்த வேண்டாம்.

ஆழியாற்றுக்கு மேலே வால்பாறைச் சாலையை ஒட்டியுள்ள குரங்கு அருவிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கையில் தொங்கும் பை எதுவாயினும் குரங்குக்கு அது தின்பண்டம்தான். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தட்டுகளுக்கும் தடை இருப்பதால், கட்டுச்சோற்றை எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோவது சோதனைச் சாவடியில் நிற்கும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

சிறுவாணி மலையடிவாரத்திலுள்ள கோவைக் குற்றாலத்துக்குக் கேட்டு அறியாமல் கிளம்பி, சாடிவயல் சோதனைச் சாவடியோடு திரும்பி வருபவர்கள் ஏராளம். மழை வலுத்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை அனுமதியை நிறுத்திவிடும். அப்போது பக்கத்து ஓடை வழியாகக் காட்டுக்குள் புகுந்து வேறோர் அருவியைத் தேடுவது சட்டப்படி குற்றம். அது யானைகள் போய்வரும் வழி என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கொல்லிமலை ஆகாய கங்கை அருவியில் நடக்கும் தவறு வேறு வகையானது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அறப்பளீசுவரரை வணங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற அமர இறங்கத் தொடங்குகிறார்கள். மற்ற இடங்களில் ஏறிப் போய்க் குளித்துவிட்டு இறங்கி வருவோம். இங்கே 1,000-க்கும் மேற்பட்ட படிகளில் இறங்கிப் போய்க் குளித்துவிட்டு, களைத்த காலோடும் நனைந்த துணிச் சுமையோடும் ஏறி வர வேண்டும். இறங்கும்போது முழங்கால் நடுங்கினால் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். பாதியில் திரும்புகிறவருக்குப் பாதிப் படிதான் ஏற வேண்டியிருக்கும். மூட்டுவலியுள்ள பெரியவர்களைக் கோயிலிலேயே நிழலில் உட்காரவைத்து, தண்ணீரும் துணைக்கு ஓர் ஆளும் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் காலையிலேயே இறங்கிவிட வேண்டும்.